நிழல் பக்கம் நட்ட தகடு

என் பெயர் ஜெரால்ட் துரைராஜ். வயது இருபத்தாறு. ஹைதராபாத், கொண்டாப்பூரில் ஒரு ஆண்கள் ஹாஸ்டலின் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இன்று வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஷோபா அக்கா, மாமா, சித்தப்பா, இது உங்களுக்கு. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பேன். ஆனால் நம் வீட்டில் யாருக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தாலும் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். எனக்குத் தமிழ் எழுத வராது, போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுவது போலப் பேசினால் அதற்குப் புரியவில்லை. கோயிலில் வாசகம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள், சனிக்கிழமை காலை, இங்கே ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் நம் தங்கச்சி ஜெஸ்ஸியின் கல்லறைக் குழியைத் திறப்பார்கள். கிடைப்பதை ஒரு பெட்டியில் போட்டுத் தருவார்கள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மாலை ரயிலில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். இரண்டாம் பூசை முடிந்ததும் காட்பாடியில் அப்பாவின் கல்லறையைத் திறந்து பெட்டியை அப்பா பக்கத்தில் வைக்க ஃபாதர் சம்மதித்துவிட்டார். அம்மா வெள்ளைத் துணியில் உறை தைத்திருக்கிறாள். நேற்று வீடியோ காலில் காட்டினாள். ஓரத்தில் நீல நூலில் சின்னச் சின்னப் பூ. முடிச்சு தெரியாமல் தைக்க மூன்று தடவை பிரித்தாளாம்.

அந்தக் குழியில் இருப்பது ஜெஸ்ஸி இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பதினேழு வருஷமாகத் தெரியும்.

அந்தக் கல்லறைத் தோட்டம் அக்காவுக்கு நினைவிருக்கும். சித்தப்பா அடக்கத்தன்று ஒரு தடவை பார்த்திருக்கிறார், மாமா பார்த்ததே இல்லை. நம் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி லைனுக்குப் பின்னால், ஒரு பெரிய குண்டுப் பாறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில், நாலு வீடு கட்டலாம் என்கிற அளவுக்குத்தான் இடம். மெட்ராஸ் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் எந்தக் காலத்திலோ கேட்டு வாங்கியது. நாங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே பெரியவர்களை அங்கே புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். வேறு பெரிய கல்லறை வந்துவிட்டது. கேட்டுக்குப் பூட்டு கிடையாது. ஒரு கதவு சாய்ந்தே இருக்கும், அதன் கீழே ஆடு நுழையும்.

எங்கள் லைனில் பார்க் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்கு அதுதான் பார்க். ஜெஸ்ஸி அதைப் பார்க் என்றே சொல்வாள். நான்கு மணி ஆனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். உள்ளே சீத்தாப்பழ மரங்கள் நிறைய. கல்லறை மண்ணில் காய்த்ததைத் தின்னக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தின்போம். கொட்டைகளை எண்ணி ஒன்று விடாமல் சுவருக்கு அந்தப் பக்கம் துப்புவோம், சாட்சி இருக்கக் கூடாது அல்லவா. ஜெஸ்ஸி மட்டும் கொட்டையை விழுங்கிவிடுவாள். விழுங்கிவிட்டு வயிற்றைத் தட்டிக் காட்டுவாள்.

அவள் காய்ச்சலில் போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்கு நாலு. அதே பார்க்கில் அவளைப் புதைத்தார்கள். மறுநாளும் நான் நான்கு மணிக்கு அங்கே போனேன். என்னை யாரும் தேடவில்லை. வீட்டில் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

கிழக்குச் சுவரோரம் குழந்தைகள் வரிசை. மொத்தம் பதினோரு குழி. பெரியவர்களுக்கு அந்த இடம் போதாமல் போன பிறகும் குழந்தைகளை மட்டும் அங்கேதான் வைத்தார்கள். கிறிஸ்தவக் குழந்தை, இந்துக் குழந்தை என்று பார்க்கவில்லை. பெரியவர்களை எரிக்கிற வீட்டிலும் சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். யாருக்கும் கல் வைக்க வசதி இல்லை. அப்பாவும் கூட வேலை செய்த செட்டு ஆட்களும், ரயில்வேயில் கழித்துப் போட்ட கம்பியில் ஒரு தகட்டை வெல்டு செய்து கொடுப்பார்கள். முழ உயரக் கம்பி, அதன் தலையில் உள்ளங்கை அகலத் தகடு. கறுப்பு பெயின்ட், மேலே வெள்ளையில் பெயர். பதினொன்றும் ஒரே அளவு. எந்தக் குழந்தையும் பெரிய வீட்டுக் குழந்தையாகத் தெரியக் கூடாது என்று அப்பா சொன்னாராம்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் இந்தத் தகடுகளைப் புதுப்பிக்க வேண்டும். மழையில் துரு ஏறியிருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தகட்டைப் பிடுங்கு, கம்பி பிரஷ் போட்டுத் தேய், கறுப்பு அடி, காய்ந்ததும் அதே குழியில் நடு, பிறகு அடுத்ததற்குப் போ. தேய்க்கும்போது பெயர் போய்விடும். அதனால் கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் கூடவே வந்து வெள்ளையில் பெயரைத் திரும்ப எழுதுவார். நோட்டு, பதிவேடு எதுவும் கிடையாது. தகடு நிற்கிற இடம்தான் பதிவேடு.

ஜெஸ்ஸி போன இரண்டாம் வருஷம். எனக்கு ஒன்பது வயது. அந்த முறை உபதேசியாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் ஆரம்பித்து வைக்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். தங்கச்சி இருக்கிற வரிசை, நானே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் நாள் மழை பெய்திருந்ததால் மண் இளகியிருந்தது. ஒரு தகடு பொசுக்கென்று வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒவ்வொன்றாகக் காய வைத்து நட்டால் மூன்று நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிச் சுவர் மேல் வரிசையாக வைத்தேன். தேய்த்தேன். கறுப்பு அடித்தேன். அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். பதினொன்றும் பளபளவென்று இருந்தன, பெயரே இல்லாமல். நடுவில் மழை தூறியபோது அவற்றை அள்ளிக் கொண்டுபோய்க் குண்டுப் பாறைக்கு அடியில் வைத்ததும், திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வரிசை போய்விட்டது.

தகடு மாறினால் பரவாயில்லை, எல்லாம் ஒன்று போலத்தான். எந்தக் குழியில் யார் என்பது எனக்கு நினைவிருந்தால் போதும். அது நினைவில்லை. தினமும் அங்கே விளையாடியவன் நான். தகட்டைப் படித்தேனே தவிர இடத்தைப் பார்க்கவில்லை. ஜெஸ்ஸி நடுவில் எங்கேயோ இருந்தாள், வெயில் விழுகிற இடம் என்று மட்டும் தெரிந்தது. நாலாவதா, ஐந்தாவதா, ஆறாவதா. கைக்கு வந்த தகட்டை வரிசையாக ஒவ்வொரு குழியிலும் நட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் உபதேசியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளை பெயின்ட் டப்பாவோடு வந்தார். முதல் தகட்டுக்கு முன்னால் குந்தினார். இது யாருடா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே யாராவது பெரியவர்கள் கூடி ஞாபகப்படுத்திச் சரி செய்திருப்பார்கள். என்னை அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் ஒரு பெயர் சொன்னேன். அவர் எழுதினார். அடுத்தது கேட்டார், சொன்னேன். பதினோரு பெயரும் தடுமாறாமல் சொன்னேன். நல்ல ஞாபக சக்திடா உனக்கு என்றார்.

கடைசிக் குழி வேப்பமரத்தடியில். அங்கே நாள் முழுக்க நிழல் இருக்கும். அவள் குழி எது என்று தெரியாததால், நிழலிலாவது இருக்கட்டும் என்று அதை ஜெஸ்ஸி என்று சொன்னேன்.

திருநாளன்று அம்மா மெழுகுவர்த்தியோடு வரிசையை நோக்கி நடந்தாள். பெயரைத் தேடிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றாள். எழுத்துக்கூட்ட வராவிட்டாலும் ஜெஸ்ஸி என்ற பெயரின் வடிவம் அவளுக்குத் தெரியும். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, போன வருசம் பாப்பா வெயில்ல கெடந்துச்சு. இப்போ நெழலா கீதே."

அப்பா குனிந்து பூவை வைத்துக்கொண்டிருந்தார். "மரம் வளராதா? அதும் ஒரு வருசம் வளந்துகீது."

அம்மாவுக்கு அன்று முகம் தெளிந்தது. அக்கா, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். பாப்பாவுக்கு நிழல் வந்துவிட்டது என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. நாம் காட்பாடிக்குக் குடிபோகும்வரை அம்மா அந்த மரத்தடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அது யாருடைய குழந்தை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலைக்காக நான் இங்கே வந்து இரண்டு வருஷம். போலாரத்துக்கு இரண்டு பஸ் மாறினால் போதும். போகவில்லை. போன வருஷம் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய். அன்று ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்போது சுவரை ஒட்டி மழைநீர்க் கால்வாய் வருகிறது. குழந்தைகள் வரிசை போக வேண்டும். பெயர் கொடுத்த குடும்பங்களுக்குப் பெட்டி, மற்றவர்கள் பொதுக்குழிக்கு. ஆறு குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது. அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று கூப்பிட்டதால் செவ்வாய்க்கிழமை போனேன். வேலையைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரிசைக்குள் நடந்தார். தெலுங்கில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தகட்டில் இருக்கிற பெயரை வைத்துத்தான் கொடுப்பார்கள். யாராவது ஒருவர் இது மாறிவிட்டது என்று சந்தேகம் கிளப்பினால் மொத்த வரிசையும் பொதுக்குழிக்குப் போய்விடும், யாருக்கும் பெட்டி கிடையாது. அதனால் சண்டை போடாதீர்கள் என்றார்.

நாகம்மா அத்தை அங்கே இருந்தார். அக்காவுக்குத் தெரியும், நாலாவது வீடு, நமக்கு மாவு அரைத்துக் கொடுப்பார். இன்னும் போலாரத்தில்தான் இருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹவ், தொரராஜ் பையனா நீ? ஐட்டில வேலன்னாங்க, மூஞ்சி கைக்கு, ஏன்டா இப்டி காஞ்சு போச்சு? ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா, பாக்க உடறாங்களா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து எல்லோரும் போன பிறகு பதினோரு தகட்டையும் வருஷா வருஷம் அவர்தான் துடைத்து வந்திருக்கிறார். ஜெஸ்ஸிக்கும் பூ வைத்தாராம். நிழலில் ராணி மாதிரி இருக்கிறாள் என்று உன் அம்மாவிடம் சொல் என்றார்.

அவருடைய மகன் சங்கர் ஒன்பது மாதத்தில் போனவன். ஐந்தாவது தகடு. அத்தைக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். மறுநாள் புதன்கிழமை அவர் வீட்டுக்காரருக்குத் திதி. அன்றே மகனைப் பக்கத்து ஊர் அல்வாலில் அவன் அப்பா குழியில் சேர்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டதால், சூப்பர்வைசர் அதை மட்டும் செவ்வாய்க்கிழமையே திறக்க ஒத்துக்கொண்டார்.

நான் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

ஒன்பது மாதக் குழந்தை, இருபது வருஷம் ஆகிவிட்டது, மண்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் எலும்பு கிடைத்தது. விரல் நீளத்தில் சில, அதைவிடப் பெரியதாக இரண்டு. அத்தை முந்தானையில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தோண்டுகிறவர் மண்ணைத் தட்டிவிட்டு ஒன்றை மேலே வைத்தார். ஷூவின் அடிப்பாகம். ரோஸ் நிறம் வெளுத்துப்போன ரப்பர். குதிகால் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அக்கா, அடக்கத்தன்று நீதான் அவளுக்கு அதைப் போட்டுவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு அப்பா ஜெனரல் பஜாரில் வாங்கியது, மிதித்தால் குதிகாலில் லைட் எரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடிப்பாள். பெட்டியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மூடும்வரை காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஷூ எனக்குத் தெரியும்.

அத்தை அதைக் கையில் எடுத்தார். மண்ணைத் துடைத்தார். தன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தார்.

"என் புள்ள நடக்கவே இல்லயேப்பா."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அத்தையும் என் பக்கம் திரும்பினார்.

"ஜெரால்டு, உங்க பாப்பாக்கு ஷூ போட்டா அனுப்புனாங்க?"

நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறேன், மாற்றாமல்.

"இல்ல அத்த. வெறுங்கால்தான்."

அத்தை அதை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, எவனாவது குப்பையில் போட்டது மழையில் உள்ளே போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சூப்பர்வைசர் தலையாட்டினார். ஷூவின் அடியை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார்கள். எனக்கு அத்தை மேல் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஏன் நம்புகிறார், இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவேனே என்று. அவர் கேட்கவில்லை.

பெட்டியை ஆட்டோவரை தூக்கிக்கொண்டு வா என்றார் அத்தை. நான்தான் தூக்கினேன். ஜெஸ்ஸியை நான் உயிரோடு தூக்கியிருக்கிறேன், பார்க்கிலிருந்து வீடுவரை, கால் வலிக்கிறது என்று பொய் சொல்வாள். இந்தப் பெட்டியில் எடையே இல்லை. கேட் வரை இருபதடி. அத்தையின் மடியில் வைத்தேன். "நல்லா இருப்படா" என்று என் தலையில் கை வைத்தார். ஆட்டோ போய்விட்டது. திரும்பி வந்து அந்த ஷூவின் அடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதன் போட்டோவை இதற்குக் கீழே அனுப்புகிறேன். அக்கா பார்த்துச் சொல்லட்டும். எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்கட்டும்.

நேற்று அத்தை அல்வாலிலிருந்து போட்டோ அனுப்பினார். சாமந்தி மாலை போட்ட மேடு. ஜெஸ்ஸி இப்போது அங்கே இருக்கிறாள், முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குப் பக்கத்தில்.

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். அத்தையிடம் உண்மையைச் சொன்னால், அவர் மனசு வைத்தால், ஜெஸ்ஸியை அங்கிருந்து எடுக்கலாம். ஆனால் சங்கர் எந்தக் குழியில் என்று கேட்பார். எனக்குத் தெரியாது. வருஷக் கணக்காக அவர் தண்ணீர் ஊற்றிய மண்ணில் அவர் மகன் இல்லை என்றும், அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றும் நான் அவர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். அது சூப்பர்வைசர் காதுக்குப் போனால் மற்ற ஐந்து குடும்பத்துக்கும் பெட்டி கிடைக்காது. அதில் ஒருவர் விஜயவாடாவிலிருந்து கிளம்பி வருகிறார். அவர்களுக்குக் கிடைக்கப்போவதும் வேறு யாரோ ஒரு குழந்தைதான். அது அவர்களுக்குத் தெரியாது.

சொல்லாமல் விட்டால், சனிக்கிழமை வேப்பமரத்தடியில் இருப்பதை நான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அது சங்கராகக்கூட இருக்கலாம். அதை அம்மா கையில் கொடுக்க வேண்டும். அம்மா அதை உறைக்குள் வைத்துக் கட்டி, முத்தம் கொடுத்து, அப்பா பக்கத்தில் இறக்குவாள். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பார்க்க வேண்டும்.

ரயிலைத் தவறவிட்டேன், பெட்டி தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து வேறு என்னென்னவோ நினைத்தேன், அதையெல்லாம் போனிடம் சொல்ல மாட்டேன். பயப்படாதீர்கள். கீழே இறங்கிவிடுவேன்.

அம்மா இப்போதுகூட இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. உறைக்குக் கயிறு போதுமா என்று கேட்கத்தான் இருக்கும்.

மூன்று பேரில் யார் இதை முதலில் படித்தாலும் மற்ற இருவரிடம் சொல்லி, கூடிப் பேசுங்கள். சனிக்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டுமா, அல்லது நாகம்மா அத்தை வீட்டுக்குப் போக வேண்டுமா என்று நாளை மாலைக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எது சொன்னாலும் செய்கிறேன். நானாக முடிவு செய்ய என்னால் முடியவில்லை.